நெடுந்தீவில் நிற்கும் போனுக்கு இடம் சொல்வது யார்?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறி நெடுந்தீவுக்குப் போகிறவர் பண்ணைத் தாம்போதியில் கடல்நீரேரியைத் தாண்டுவார். மண்டைதீவுச் சந்தி, வேலணை என்று போய், இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவைப் பிடித்து, குறிகட்டுவானில் இறங்குவார். தரை அங்கே முடிந்துவிடும். குமுதினியோ வடதாரகையோ தனியார் படகோ, எது கிடைக்கிறதோ அதில் ஏறினால் ஒரு மணி நேர அளவில் கடல், பிறகு மாவிலித்துறை. இந்த வழி முழுக்க அவருடைய போன் தன் இடத்தை விசாரித்துக்கொண்டே வருகிறது. பட்டணத்தில் பக்கத்துக் கடைகளின் வைஃபையை விசாரிக்கும். வேலணையில் தொலைபேசிக் கோபுரத்தை விசாரிக்கும். நடுக்கடலில் விசாரிக்க வானத்தைவிட்டால் வேறு ஆளில்லை.

தீவுப் பகுதிக்கு ஒரு செயலி எழுத நினைப்பவர் இந்த மூன்றில் எதை நம்புவது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. படகு எங்கே வருகிறது என்று காட்டும் செயலியாக இருக்கலாம்; மீனவருக்கான எச்சரிக்கையாக இருக்கலாம்; நயினாதீவுக்கு வரும் அடியாருக்கு வழிகாட்டியாக இருக்கலாம். பெரும்பாலானோர் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘எது அதிகத் துல்லியம்?’ என்று. ஐந்து மீட்டரா, ஒரு மீட்டரா, பத்து சென்டிமீட்டரா என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்த அட்டவணையில் முதல் நிரலாக வேறொன்றைப் போடுவேன்: இந்த வசதியை நாளைக்கும் நாளன்றைக்கும் உயிரோடு வைத்திருக்கப் போவது யார்?

செய்மதிகளைப் பொறுத்தவரை அதற்குப் பதில் சுலபம். அமெரிக்க விமானப் படையில் தொடங்கி இன்று அந்நாட்டு விண்வெளிப் படையின் கையில் இருப்பது ஜிபிஎஸ். முதல் செய்மதி 1978இல் போனது. முழுச் சேவை 1995இல் அறிவிக்கப்பட்டது. பொதுமக்களுக்கான குறிகையில் வேண்டுமென்றே பிழை கலக்கும் வழக்கம் 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் திருந்திவிட்டன. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் அதே வானத்தில் சுற்றுகின்றன. இந்தியாவின் நாவிக் அந்நாட்டு எல்லைக்கு வெளியே 1500 கிலோமீட்டர் வரை குறிவைத்துக் கட்டப்பட்டது என்பதால் நம் தீவுகளும் அதற்குள் அடக்கம். ஆனால் அதன் செய்மதிகள் பலவற்றில் அணுக்கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. ஆகவே நாவிக்கைக் கூட்டத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பித் தோணி விடக் கூடாது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே களைந்துவிடுவது நல்லது. செய்மதி நம் போனைத் தேடுவதில்லை. நம் போன் இருப்பதே அதற்குத் தெரியாது. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது இடைவிடாமல் ஒலிபரப்புவது இரண்டே செய்திகளை: இப்போது என் கடிகாரத்தில் மணி இது, நான் இருக்கும் இடம் இது. வானொலி கேட்பதுபோலப் போன் அதைக் கேட்கிறது. செய்தி கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் என்று தெரியாதவை மூன்று. போனின் மலிவான கடிகாரம் எவ்வளவு பிந்துகிறது என்பது நான்காவது. அதனால்தான் குறைந்தது நான்கு செய்மதிகள் வேண்டும். சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், கணக்கில் காசும் வேண்டாம்.

நெடுந்தீவின் தென்பகுதியில் குவிந்தா கோபுரம் என்று ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. கடலில் வருபவர்களுக்கு அது அடையாளம். தூரத்தில் தெரியும் இரண்டு பொருள்கள், ஒரு கோபுரமும் ஒரு பனையும் என்று வைப்போம், ஒரே நேர்கோட்டில் வந்தால் படகு அந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது. இன்னொரு சோடியும் அதேபோல் சேர்ந்தால் கோடுகள் வெட்டும் புள்ளிதான் இடம். வலை போட்ட இடத்துக்கு மறுநாள் திரும்பிப் போக மீனவர்கள் காலங்காலமாகக் கையாண்ட வழி இது. அவர்கள் கோடுகளை வெட்டினார்கள். போன் கோளங்களை வெட்டுகிறது. வடிவக் கணிதம் ஒன்றுதான். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி செய்மதியில் உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் புரளும். நயினாதீவில் நிற்பவரை நடுக்கடலில் காட்டுமளவுக்கு.

திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணப் போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. இந்த விடயத்தில் தீவுகளுக்குக் கொடுப்பினை உண்டு. கொழும்புப் புறக்கோட்டையில் உயர்ந்த கட்டடங்கள் குறிகையை மறிக்கும். அவற்றின் சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் குறிகை, நேராக வந்ததாக நடித்துத் தூரத்தைக் கூட்டிக் காட்டும். நெடுந்தீவில் வேலிகளே மார்பளவு உயரப் பவளக்கல் மதில்கள்தாம். குதிரைகள் மேயும் வெளியில் நின்றால் அடிவானம் வரை எதுவும் மறைக்காது. பெருக்க மரத்தின் கீழ் போய் நின்றால் கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. செய்மதி தன் இருப்பிடத் தகவலை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செய்மதியின் முழு விவரம் 30 நொடிக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். ஊரில் டேட்டா இருக்கும்போது போன் அந்த விவரங்களை இணையத்திலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நொடியில் இடத்தைச் சொல்லிவிடுகிறது. பல மணி நேரம் அணைத்து வைத்திருந்த போனை டேட்டா இல்லாத கரையில் திறந்தால் அது வானத்திலிருந்தே எல்லாவற்றையும் வாங்க வேண்டும். அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் பயணி, ‘இங்கே ஜிபிஎஸ் வேலை செய்யாது’ என்று முடிவு கட்டிவிடுவார். செயலி எழுதுபவர் செய்ய வேண்டியது சின்ன வேலை: குறிகட்டுவானுக்கு வருமுன்பே ஒருமுறை இடத்தைக் கேட்டு வைப்பது; தீவுகளின் வரைபடத்தையும் அப்போதே போனுக்குள் இறக்கிக்கொள்வது. இடம் வானத்திலிருந்து வந்துவிடும், வரைபடம் வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த வரைபடங்கள் இதற்குப் போதும்.

இனி, மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை. பூமியின் காந்த நடுக்கோடு புவியியல் நடுக்கோட்டோடு ஒட்டி ஓடுவதில்லை. நம் பக்கத்தில் வடக்கே வளைந்து இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பரில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்குக் காரணமே அதுதான். தமிழகத்துத் திருநெல்வேலியில் காந்தவியல் ஆய்வுக்கூடம் இயங்குவதும் அதனால்தான். யாழ்ப்பாணத் தீவுகள் அந்தக் கோட்டிலிருந்து சில பாகைக்குள் கிடக்கின்றன. அந்தக் கோட்டின் மேலே அயனமண்டலம் மற்ற இடங்களைப்போல அமைதியாக இருப்பதில்லை.

வெயிலில் காற்றணுக்கள் இலத்திரன்களை இழந்து மின்னேற்றம் பெறும் படலம்தான் அயனமண்டலம். அதன் ஊடாக வரும் ரேடியோ குறிகை சற்றுப் பிந்தும். பிற்பகல் இரண்டு மணியளவில் இந்தப் பிந்தல் உச்சத்தில் இருக்கும். சூரியன் முனைப்பாக இருக்கும் ஆண்டுகளில் நம் பகுதியில் அது பத்து மீட்டருக்கும் மேலான தூரப் பிழைக்குச் சமமாகலாம். ஒரே அலைவரிசையில் கேட்கும் மலிவான போன், செய்மதியே அனுப்பும் ஒரு தோராயச் சூத்திரத்தை வைத்து அதில் ஏறக்குறைய பாதியைக் கழிக்கிறது. இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் போன் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. பிந்தல் அலைவரிசையைப் பொறுத்து மாறும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டு ஏறக்குறையப் பிழை முழுவதையுமே கண்டுபிடித்துவிடும். 2018இல் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த இந்த வசதி இப்போது நடுத்தர விலைப் போன்களிலும் இருக்கிறது.

சூரியன் மறைந்ததும் வேறொரு கூத்து ஆரம்பமாகும். அயனமண்டலத்தின் கீழ்ப்பகுதி வெளிச்சம் போனவுடன் கலைந்துவிடும். மேல்பகுதி அடர்த்தியாக அப்படியே நிற்கும். பாரமானது மேலும் இலேசானது கீழும் இருந்தால் நிலைக்குமா? கீழே உள்ள மெல்லிய பகுதி குமிழி குமிழியாக மேலே கிளம்பும். அந்தக் குமிழிகளின் ஊடாக வரும் குறிகை நட்சத்திரம்போலச் சிமிட்டும். சில செய்மதிகளின் பிடி போனுக்கு நழுவிவிடும். இரவு ஏழு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில், குறிப்பாகப் பங்குனி, புரட்டாசியை ஒட்டிய வாரங்களில் இது அதிகம். 2024இல் சூரியன் தன் பதினோரு ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தைத் தொட்டதால் அண்மைய ஆண்டுகள் கொஞ்சம் மோசமானவை. இரவில் வள்ளம் எடுத்துப் போகும் மீனவருக்காகச் செயலி எழுதுபவர் இதை மறக்கக் கூடாது. அவர் முதலில் செய்ய வேண்டியது, ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாட்டுச் செய்மதிகளையும் கேட்கும் போனாகப் பார்த்துக்கொள்வது. ஒரு திசையில் குமிழி மறைத்தாலும் இன்னொரு திசையில் வேறு நாட்டுச் செய்மதி எட்டிப் பார்க்கும். பத்து மீட்டர் திடீரென்று துள்ளினால் அதைப் படகின் ஓட்டமாக எடுத்துக்கொள்ளாத அளவுக்குக் கணக்கில் நிதானமும் வேண்டும்.

மீனவருக்குப் பத்து மீட்டர் ஒரு பொருட்டா என்றால், அநேகமாக இல்லை. நெடுந்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இந்தியாவுடனான கடல் எல்லை போகிறது. 1974 ஜூன் மாத ஒப்பந்தம் அதைப் பாக்கு நீரிணையில் ஆறு புள்ளிகளாக வரையறுத்தது. தூணோ மிதவையோ கிடையாது, எண்கள் மட்டும்தான். மூன்றாவது புள்ளி வடக்கு 9 பாகை 40.15 நிமிடம், கிழக்கு 79 பாகை 22.60 நிமிடம். இந்த எண்ணைச் செயலிக்குள் ஏற்றும் அவசரத்தில் ஒருவர் 9.4015 என்று தட்டச்சு செய்தால் என்ன ஆகும்? பாகைக்கு 60 நிமிடம் என்பதால் சரியான தசம எண் 9.6692. எல்லை தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். உலகத்தின் எந்தச் செய்மதியும் இந்தப் பிழையைத் திருத்தித் தராது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜிபிஎஸ் பூமியை ‘டபிள்யூஜிஎஸ் 84’ என்ற கணித வடிவமாக எடுத்துக்கொள்கிறது. இலங்கையின் பழைய நில அளவை வரைபடங்கள் எவரஸ்ட் என்ற வேறொரு வடிவத்தைக் கந்தவல என்ற இடத்தில் தொடக்கம் வைத்துப் பயன்படுத்தின. பழைய தாளில் வாசித்த அகலாங்கு நெட்டாங்குகளை அப்படியே இன்றைய போனில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். பழைய வரைபடத்தை வைத்துத் தரவு சேர்ப்பவர்கள் அதில் ஓரத்தில் சிறிய எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆகவே எல்லை எச்சரிக்கை ஒலிக்க வேண்டியது கோட்டின்மேல் அல்ல, அதற்குச் சில கிலோமீட்டர் முன்பு. இயந்திரத்தை நிறுத்தி வலை போட்டால் நீரோட்டம் வள்ளத்தை இழுத்துப் போகும். பழுதானால் இன்னும் மோசம். இந்தியக் கடற்கரையில் கடலில் இருக்கும் மீனவருக்கு எச்சரிக்கை சேர்க்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2019இல் ‘ஜெமினி’ என்ற சிறு கருவியை அறிமுகப்படுத்தியது. கரையிலிருந்து தொலைவில் போன் குறிகை எட்டாத இடத்திலும் இந்தியாவின் ககன் செய்மதி வழியாகப் புயல், அலை எச்சரிக்கைகளை அது வாங்கிப் புளூடூத் மூலம் மீனவரின் போனுக்குக் கொடுக்கும். ஒரே படகில் செய்மதியும் புளூடூத்தும் கைகோத்த அமைப்பு அது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது. இலங்கையில் 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் மீன் இறக்குமதிக்குத் தடை போட்டபோது, ஆழ்கடல் பலநாட் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. அடுத்த ஆண்டு தடை நீங்கியது. ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் நம் ஃபைபர் வள்ளங்கள் அந்தத் திட்டத்தின் கணக்கில் வராதவை. அவற்றில் போகிறவர்களிடம் இருப்பது கையளவு ஜிபிஎஸ் கருவியோ போனோ மட்டும்தான்.

எல்லை தாண்டியதாகப் பிடிபடும் தமிழக மீனவர்கள் அடிக்கடி ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில்தான் நிறுத்தப்படுகிறார்கள். வழி தெரியாமல் வந்தார்கள் என்று சில நேரம் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. திசை தப்பியோ இயந்திரம் பழுதாகியோ வருபவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இழுவைப் படகுகளில் ஜிபிஎஸ் இல்லாதது அரிது. மீன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் படகு வருகிறது. அடிமட்ட இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது. அந்தச் சிக்கலைத் தீர்க்க இன்னும் கூர்மையான இடங்காட்டி வேண்டும் என்று யாராவது நிதி கேட்டால் நான் நம்பமாட்டேன்.

இனிக் கரையேறுவோம். செய்மதிக் குறிகை தரையை அடையும்போது அதன் ஆற்றல் ஒரு வாட்டைப் பத்தாயிரம் இலட்சம் கோடியால் வகுத்தால் வரும் அளவுக்கு நெருக்கமானது. இவ்வளவு மெலிந்து வருவது எதையெல்லாம் ஊடுருவும் என்பதைத் தீவு வீடுகளை வைத்தே சொல்லிவிடலாம். காய்ந்த பனையோலைக் கூரை பெரிய தடை செய்யாது. ஓட்டுக் கூரையும் பரவாயில்லை. கொங்கிறீற் தளம் குறிகையை நூறில் ஒன்றாகவோ அதைவிடக் குறைவாகவோ ஆக்கிவிடும். தகரக் கூரை உலோகம் என்பதால் கதவையே சாத்திவிடும். இறங்குதுறைத் தகரக் கொட்டகைக்குள் நிற்பவரின் போன் பக்கவாட்டுத் திறப்புகளால் வரும் ஓரிரு செய்மதிகளை வைத்துத் தடுமாறிக்கொண்டிருக்கும். இரண்டடி வெளியே வந்தால் சரியாகிவிடும்.

உள்ளே போனால் போன் நாடுவது கோபுரங்களையும் வைஃபையையும். கோபுரத்தை மட்டும் வைத்துச் சொல்லும் இடம் தீவுப் பகுதியில் கிலோமீட்டர்க் கணக்கில் பிசகலாம். கோபுரங்கள் குறைவு, இடையில் தண்ணீர் அதிகம். வைஃபை வழி வேறு மாதிரி. எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் பட்டியல் வைத்திருக்கின்றன. போன் தனக்குக் கேட்கும் ரவுட்டர்களின் பெயரைச் சொன்னால் பட்டியல் இடத்தைத் திருப்பித் தரும். கொழும்பில் நெருக்கமாக ரவுட்டர்கள் இருப்பதால் இது நன்றாக வேலை செய்கிறது. கொழும்பிலிருந்து வீடு மாறி வந்தவர் தன் ரவுட்டரையும் தூக்கிக்கொண்டு புங்குடுதீவுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் வேறு வைஃபையும் இல்லையென்றால், அந்த வீட்டுத் திண்ணையில் இருக்கும் போன் சில நாளைக்குத் தான் வெள்ளவத்தையில் இருப்பதாகச் சாதிக்கும்.

கட்டடத்துக்குள் மீட்டர்க் கணக்கில் இடம் சொல்ல வேண்டுமென்றால் அதற்கென்றே ஏற்பாடு செய்ய வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். ஆனித் திருவிழாவில் கூட்டம் மண்டபத்தை நிறைக்கும். புளூடூத் பீக்கன் என்ற சிறு வில்லைகளைத் தூண்களில் ஒட்டிவிட்டால், எந்தச் சந்நிதிக்கு முன் நிற்கிறோம் என்று போன் சொல்லுமா? ஆப்பிள் 2013இல் ஐபீக்கன் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பீக்கன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் அந்தக் குரலின் பலத்தை வைத்துத் தூரத்தை ஊகிக்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் பலம் 6 டெசிபல் குறையும். அதாவது போனைக் கைமாற்றிப் பிடித்தாலோ ஒருவர் குறுக்கே வந்தாலோ 6 டெசிபல் குறைந்துவிட்டால், இரண்டு மீட்டரில் இருப்பது நான்கு மீட்டராகத் தெரியும்.

குறுக்கே வருவது ஒருவர் அல்ல, திருவிழாக் கூட்டம். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். புளூடூத்தும் பழைய வைஃபையும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். ஆண்கள் மேலாடை களைந்து வேட்டியோடு நிற்கும் இடத்தில் போன் இடுப்பு மடிப்பில் செருகியிருக்கும். அல்லது வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். மடிப்புக்குள் இருக்கும் போனுக்கு ஒரு பக்கம் உடம்பே சுவர்.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு மாற்றை மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ‘ரேடார்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தூரத்தைக் கணக்கிட முயல வேண்டாம். கட்டடத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று, எந்த ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைப்போம். பிறகு போன் கேட்பதை அந்தக் குறிப்போடு ஒப்பிடுவோம். இரண்டு மூன்று மீட்டருக்குள் இடம் கிடைத்தது. அலுவலகத்துக்கு அருமையான வழி. கோயிலில், வெறுமையான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்த குறிப்பு தேர் நாளில் பயன்படாது. ஐபோனிலோ சாதாரணச் செயலிகள் சுற்றியிருக்கும் வைஃபைகளின் பலத்தைப் பட்டியலிட்டு வாசிக்க அனுமதியே இல்லை. ஆண்ட்ராய்டிலும் 2018க்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு நான்கு தடவைதான். செயலியை எழுதத் தொடங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது மேல்.

சரி, கோயிலுக்குள் யாருக்கு மீட்டர்க் கணக்கில் இடம் தேவை? அம்மன் எங்கே இருக்கிறாள் என்று தெரியாதவர் அங்கே யாருமில்லை. பிள்ளை தவறிப்போனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஈடு இன்னும் வரவில்லை. அடியாருக்கு உண்மையில் குழப்பம் தருவது, அம்மன் கோயில் பக்க இறங்குதுறைக்குப் போவதா, நாகவிகாரைப் பக்கத்துக்குப் போவதா, எங்கே அடுத்த படகு என்பது. அது திறந்த வெளி, செய்மதி போதும்.

தீவு மக்கள் கட்டடத்துக்குள் வழி தெரியாமல் திண்டாடும் இடம் ஒன்று இருக்கிறது. அது தீவில் இல்லை. யாழ் போதனா வைத்தியசாலை. முதல் படகைப் பிடித்துக் கிளினிக்குக்கு வருபவர் மதியப் படகைப் பிடிக்க வேண்டும். இடையில் எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தக் கதவு என்று விசாரிப்பதிலேயே நேரம் போகும். இங்கேதான் உட்புற இடங்காட்டிக்கு நியாயம் இருக்கிறது. மாடியைக் கண்டுபிடிக்கப் போனின் காற்றழுத்தமானி உதவும். எட்டு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறையும். நாற்புறமும் ஆட்கள் நெருக்கியடிக்கும் நடைவழியில் பலத்தை அளக்காமல் நேரத்தை அளக்கும் முறைகள் நல்லவை. வைஃபையின் புதிய நேர அளவை முறை ஒன்றிரண்டு மீட்டருக்குள் சொல்லும். ஆனால் ரவுட்டரும் போனும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். 2019இல் ஐபோன்களில் நுழைந்த அகல்பட்டை முறை பத்து இருபது சென்டிமீட்டர் வரை போகும். அதற்கான சில்லு உள்ள போன் விலை கூடியது. கிளினிக் வரிசையில் நிற்கும் அம்மாவின் கையில் அது இருக்கப் போவதில்லை.

பீக்கன்கள் மலிவு, எல்லாப் போன்களும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் நாணயம்போன்ற ஒரு பற்றரி. ஓராண்டோ இரண்டாண்டோ உழைக்கும். நூறு பீக்கன் ஒட்டினால் சராசரியாக வாரத்துக்கு ஒன்றிரண்டு செத்துக்கொண்டிருக்கும். எது செத்தது என்று பார்த்து ஏணி வைத்து மாற்ற ஆள் யார்? திட்டம் தொடங்கிவைக்கும் நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தீவுகளில் இன்னும் சிக்கல். உப்புக்காற்று தொடுமுனைகளை அரித்துவிடும். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவுக்கு மின்சாரம் டீசல் பிறப்பாக்கிகளிலிருந்து வந்தது. சூரியவொளி, காற்று கலந்த மின்நிலையங்கள் அமைக்க இந்திய நிதியுதவியில் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் ஆனது. வைத்தியசாலைக்கு என் சிபாரிசு சலிப்பூட்டும் ஒன்று. ஒவ்வொரு கதவிலும் பெரிய எண் எழுதி, பக்கத்தில் கியூஆர் குறி ஒன்றை அச்சடித்து ஒட்டுங்கள். அதைப் படம்பிடித்த போனுக்குத் தான் எந்தக் கதவுக்கு முன் நிற்கிறது என்று பிசகில்லாமல் தெரிந்துவிடும். பற்றரி வேண்டாம். போன் இல்லாதவர் எண்ணை வாசித்துக்கொள்வார்.

படகுச் செயலிக்கு வருவோம். தீவாருக்கு அதிகம் பயன்படப் போவது அதுதான். மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 250 மீட்டர் நகரும். குறிகட்டுவானில் காத்திருப்பவருக்கு அதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை. எனவே படகில் ஒரு போன், நிமிடத்துக்கு ஒருமுறை இடம். நொடிக்கு ஒருமுறை கேட்டால் பற்றரி தீரும், பயன் ஒன்றுமில்லை. டேட்டா கிடைக்காத இடத்தில் குறுஞ்செய்தி அனுப்பலாம்: தமிழில் எழுதினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்து, எண்களாக மட்டும் அனுப்பினால் 160. இடமும் நேரமும் இருபதே எழுத்தில் அடங்கும். பயணியின் போனில் ஓயாமல் ஜிபிஎஸ் ஓட வேண்டாம். இறங்குதுறையைச் சுற்றி 150 மீட்டரில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நுழையும்போது மட்டும் எழுப்பச் சொல்லலாம். ஐபோன் ஒரு செயலிக்கு இருபது வட்டங்களே தரும், ஆண்ட்ராய்டு நூறு. குறிகட்டுவான், மாவிலித்துறை, நயினாதீவின் இரண்டு, அனலைதீவு, எழுவைதீவு, ஊர்காவற்றுறை, காரைநகர் என்று எண்ணிப் பாருங்கள், இருபதுக்குள் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்தச் செய்மதியும் சொல்லாது. சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் நாளில் படகு துறையிலேயே கட்டிக் கிடக்கும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் ‘பாதை’ என்ற மிதவைப் படகு பழுதாகி நிற்கும் நாளும் உண்டு. வரைபடத்தில் படகின் புள்ளி அசையாமல் இருக்கும். இன்னும் புறப்படவில்லையா, இன்றைக்கு ஓடவே போவதில்லையா என்பது ஓட்டிக்கு மட்டும் தெரியும். அவருடைய போனில் ‘இன்று ஓட்டமில்லை’ என்று ஒரு பெரிய பொத்தான் வேண்டும், ஈரக்கையால் அழுத்தினாலும் வேலை செய்கிற மாதிரி. செயலியில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.